குழந்தைக்கெனத் தனி அலைவரிசை யார் வீட்டில் ஓடுகிறது?

குழந்தைகளைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, 'ரிமோட் உங்கள் கையில்தானே இருக்கிறது, அணைத்துவிட வேண்டியதுதானே?' என்று கேட்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. அவர்களை வியாசர்பாடியின் ஓரறை வீடு ஒன்றுக்குள் சற்று அழைத்துச் செல்ல விரும்புகிறேன். சமையல், படுக்கை, படிப்பு, தொலைக்காட்சி அனைத்தும் அங்கே ஒரே அறையில். வீட்டுவேலைக்குச் சென்ற தாய் திரும்பும்வரை பிள்ளைக்குத் துணை அந்தப் பெட்டிதான். அவள் திரும்பியபின் ஓடுவது அவள் பார்க்கும் தொடர். பிள்ளையும் அதையேதான் பார்க்கிறது. அணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம் என்றால், அடுத்த அறை எங்கே?

2006-க்கும் 2011-க்கும் இடையே தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. அதை எள்ளி நகையாடும் மேட்டிமைத்தனம் எனக்கு உவப்பானதன்று. ஏழைக்கும் பொழுதுபோக்கு வேண்டும். ஆனால் பெட்டியைக் கொடுத்தவர்கள், அதன் வழியே வீட்டுக்குள் நுழையும் வணிகனைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை. பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) இதே வியாசர்பாடியில் ஒரு சுவருக்காக நிகழும் அரசியலைச் சொன்னது. வெளிச்சுவரில் யார் முகம் இருப்பது என்பதற்கு அத்தனை பகை. உள்சுவரில் நாளெல்லாம் யார் முகம் தெரிகிறது என்று எவரும் கேட்பதில்லை.

குடித்தால் பிள்ளை உயரமாகும், வலுவாகும், அறிவு கூர்மையாகும் என்ற ஹார்லிக்ஸ் விளம்பரத்தைப் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2008-ல் தடுத்தது. வங்கதேசத்துக்கென எடுக்கப்பட்ட அவ்விளம்பரம் தவறுதலாக அங்கே ஒளிபரப்பாகிவிட்டதாம்! லண்டன் பிள்ளைக்கு ஆதாரத்தோடு சொல்ல வேண்டியதை நம் பக்கத்துப் பிள்ளைக்கு ஆதாரமின்றியே சொல்லலாம் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பொருள்? 'ஆரோக்கிய பானம்' என்ற வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. அப்பெயரில் இவற்றை விற்காதீர்கள் என்று இணைய அங்காடிகளுக்கு ஒன்றிய வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது 2024-ல்தான். சத்துணவுக் கூடத்தின் அவித்த முட்டைக்கோ விளம்பரமே கிடையாது. அதனால்தான் அதை உண்டு வளரும் பிள்ளையின் தாய், டப்பா வாங்கித் தர இயலவில்லையே என்று குன்றிப்போகிறாள். விளம்பரம் அவள் வீட்டில் விற்கும் முதல் சரக்கு இந்தக் குற்றவுணர்ச்சியே.

சட்டம் இல்லாமலில்லை. சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரங்களைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளின்போதும் குழந்தைகளுக்கான அலைவரிசைகளிலும் காட்டக்கூடாது என்று 2022-ல் ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் விதித்தன. நல்லது. ஆனால் அவ்விதி மனத்தில் வைத்திருக்கும் குழந்தை, தனக்கென ஒரு பெட்டியும் ஓர் அலைவரிசையும் உடைய குழந்தை. மாலைத் தொடரையும் இரவுக் கிரிக்கெட்டையும் குடும்பத்தோடு பார்க்கும் வியாசர்பாடிக் குழந்தை அதன் கண்ணில் படவேயில்லை. பிரிட்டனும் 2007-ல் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் மட்டும் தடை விதித்துத்தான் தொடங்கியது. அது போதவில்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்ட விளம்பரங்களை இரவு ஒன்பது மணிக்கு முன் காட்டக்கூடாது என்ற தடை அங்கே 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சுவீடனோ பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரங்களையே 1991 முதல் அனுமதிப்பதில்லை.

உணவை இறைத்தும் மேலெல்லாம் பூசியும் பெற்றோரை மயக்கும் சிறுபிள்ளையைப் புறநானூற்றில் பாடினான் பாண்டியன் அறிவுடை நம்பி. அப்பிள்ளை இல்லாத வாழ்நாள் வீண் என்றான். இன்று அந்த மயக்கத்தைத்தான் நிறுவனங்கள் கூலிக்கு அமர்த்திப் பிள்ளையைத் தாயிடமே தரகனாக அனுப்புகின்றன.

நாம் கேட்க வேண்டியது அலைவரிசைக்குத் தடையன்று, நேரத்துக்குத் தடை. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் முழுவதும், எந்த நிகழ்ச்சியானாலும். 'வணிகச் சுதந்திரம்' என்று குரலெழுப்புவோர், தம் சுதந்திரத்துக்கு ஏழு வயதுப் பிள்ளை ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் விளக்கட்டும்.