கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்

கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் நம் ஆட்களிடம் யாரும் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. நிலத்தை விற்று வைத்தியம் பார்க்கும் குடும்பங்கள் உள்ள நாடுகளோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயமல்ல. இந்த இலவச வைத்தியத்தைக் காப்பாற்றுவது தொழிற்சங்கங்களின் வேலையும்தான். ஆனால் வைத்தியம் இலவசம் என்றால், லயத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றதும் வீட்டிலுள்ள தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போவது ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் நடக்கும். ஐந்து வாரம் என்று வைத்தால் 25 நாள். நோயாளியைத் தனியே அனுப்ப முடியாது; வீட்டில் இன்னொருவரும் வேலையை விட்டுக் கூடப் போக வேண்டும். இரண்டு ஆளுக்கும் சேர்த்து 50 பேர் போய்விடும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தாலே 67,500 ரூபா. இதில் பஸ் காசும் சாப்பாடும் சேரவில்லை. வார்டில் கட்டில் கிடைத்தால் பஸ் காசு மிஞ்சும், பேர் மிஞ்சாது. ஸ்கேனுக்குத் திகதி தள்ளிப் போனால் வெளியே எடுக்கிறோம். மருந்து இல்லை என்று துண்டு எழுதிக் கொடுத்தால் பார்மசிக்கு ஓடுகிறோம். 2022 நெருக்கடியில் அந்தத் துண்டுகள் எவ்வளவு பெருகின என்று நமக்குத் தெரியும்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சேனக பிபிலேதான் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாக வழி செய்தவர். கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில், நாட்டுக்கே மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும் என்பது அவர் வழி. புற்றுநோய் மருந்துக்கும் அந்த வழியை விடாமல் பிடிக்கச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்க வேண்டும்.

இந்த நாட்டு மக்கள் கொடுக்காதவர்கள் அல்ல. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் மஹரகமவுக்கு ஒரு ஸ்கேன் இயந்திரம் வாங்கவும் பொதுமக்களே பணம் சேர்த்தார்கள். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் கொடுக்க ஆள் உண்டு. கொழுந்து பறிப்பவரின் போன பேருக்கு யார் கொடுப்பார்? அது நன்கொடை கேட்டுத் தீரும் காரியமல்ல, சட்டத்தால் தீர வேண்டியது. கடை, காரியாலய ஊழியருக்குச் சட்டப்படி சம்பளத்தோடு ஆண்டுக்கு 7 நாள் தற்செயல் லீவு உண்டு. சுகமில்லாவிட்டால் அதை எடுக்கலாம். நமக்கு மலைக்குப் போனால்தான் பேர். வைத்தியசாலைத் துண்டைக் காட்டினால் அந்த நாளுக்குச் செக்ரோலில் பேர் விழ வேண்டும் என்பதை அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. 'உற்பத்தி குறையும்' என்பார்கள். ஒரு தோட்டத்தில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று அஸ்வெசும. அதில் சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு, அது நியாயம். புற்றுநோயாளர் என்று ஒரு பிரிவு அதில் இல்லை. ஏன் இல்லை என்று மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், கேட்க வேண்டும்.

அதுவரை, திறந்திருக்கும் கதவுகளையாவது தட்டுவோம். ஜனாதிபதி நிதியத்துக்கு மனுப் போடக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். பிலிமத்தலாவைப் பக்கத்து ஆட்களுக்கு அது யட்டிநுவர. சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளர் கொடுப்பனவு பற்றியும் விசாரியுங்கள். 10 வருட சேவையும் 3 இலட்சம் ரூபாவுக்கு மேல் மீதியும் இருந்தால் சேமலாப நிதியில் 30 வீதம் வரை மருத்துவத்துக்காக எடுக்கலாம். ஆனால் தோட்டம் ஒழுங்காகக் கட்டியிருந்தால்தானே எடுக்க! நிலுவை வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது வீட்டில் ஒருவர் படுக்கையில் விழும்போதுதான் விளங்குகிறது.

மரண உதவிச் சங்கம் இல்லாத தோட்டம் குறைவு. ஆள் செத்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் காசு தயாராக இருக்கிறது. அதே சங்கம் உயிரோடு இருப்பவரின் பஸ் காசுக்கும் கொடுக்கும்படி விதியை மாற்ற யார் தடுக்கிறார்கள்? மாதம் ஒரு சிறு தொகை கூடுதலாகப் பிடித்தாலே ஒரு குடும்பம் வட்டிக்காரரிடம் போகாமல் தப்பும்.

பிந்திப் போனால் செலவும் கூடும், பிழைப்பதும் கடினம். வெற்றிலை போடும் நமக்கு வாயில் இரண்டு, மூன்று வாரம் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ இருந்தால் பேராதனைப் பல் வைத்தியசாலை ஒரு பஸ் தூரம்தான். 35 வயதான பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தின் சுகவனிதையர் கிளினிக்கைத் தவற விட வேண்டாம், அங்கும் காசில்லை. கொழுந்துக் காலமென்று தள்ளிப் போடுபவர்களைக் கங்காணிமாரே அனுப்பி வைக்கட்டும்.

வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்தால் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, சம்பளத் துண்டு, வெளியே வாங்கிய மருந்தின் பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். படிவம் நிரப்பிக் கூடவே பிரதேச செயலகத்துக்கு வருவது சங்கத்தின் பொறுப்பு.