கேசட் குப்பை அல்ல!

"கேசட்டா? அதெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு, பழைய பேப்பர்காரரிடம் போடு" என்று சொல்பவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கேட்டால் எல்லாப் பாட்டும் இணையத்தில் கிடைக்கிறதாம்!

சினிமாப் பாட்டு கிடைக்கும், சரி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் எங்கே கிடைக்கும்? பாட்டி பாடிய தாலாட்டு? ஊர்த் திருவிழாவில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பதிந்த தெருக்கூத்து? இவற்றுக்கெல்லாம் உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான். தேய்மானம் போட்டு மதிப்பு பூஜ்யம் என்று எழுதிவிடுகிற பொருளா இது?

1963-ல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய இந்தக் கேசட்டுக்குள் ஓடுவது 4 மில்லிமீட்டர்கூட அகலமில்லாத பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் பூசிய காந்தத் துகள்களில்தான் குரல் இருக்கிறது. நாடா ஒருநாள் கெடும், உண்மைதான். ஆனால் அதை அவசரப்படுத்துவது யார்? ஸ்பீக்கர் மேலேயே அடுக்குகிறார்கள். உள்ளே இருக்கும் காந்தம் சும்மா இருக்குமா? பரணில் போடுகிறார்கள், வெயிலில் வெந்து, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது. அப்புறம் "கேசட்டே இப்படித்தான்" என்று பழி!

காப்பாற்றப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாடாவை ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, டப்பாவில் போட்டு, ஈரமில்லாத அலமாரியில் நிற்க வைத்தால் போதும். கேசட்டின் பின் ஓரத்தில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் தெரியாமல்கூட மேலே வேறு எதையும் பதிய முடியாது. இது தெரியாமல் தாத்தா குரலின் மேல் குத்துப்பாட்டு பதிந்த வீடுகள் எத்தனையோ! போடுவதற்கு முன் பிளேயரின் ஹெட்டைப் பஞ்சால் துடைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த கேசட்டை மட்டும் அப்படியே ஓட விடக்கூடாது. நாடாவும் கெடும், பிளேயரும் கெடும்.

"கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சு, இனி எதற்கு கேசட்?" என்று கேட்கும் புத்திசாலிகளும் உண்டு. ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் போகாதா என்ன? இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்து, மூலத்தையும் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது இதைவிட மோசம். பிளேயரின் பெல்ட் தளர்ந்துகொண்டே இருக்கிறது, பழுது பார்ப்பவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 90 நிமிடக் கேசட்டை நகலெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு சினிமா பார்க்கிற நேரம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று தொடங்கினாலே அலமாரி ஒரு வருஷத்தில் காலி. அதற்கும் நேரமில்லை என்பவர்கள், பாட்டியின் குரல் எப்படி இருக்கும் என்று நாளை பேரன் கேட்டால் என்ன சொல்வார்கள்?