கல்லீரல் சுருக்கம்: எல்லாருக்கும் எண்டோஸ்கோபி தேவையா? ஃபைப்ரோஸ்கேனும் பிளேட்லெட்டும் போடும் கணக்கு

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் உறுதியானதும் டாக்டர் எழுதும் அடுத்த டெஸ்ட் பெரும்பாலும் எண்டோஸ்கோபிதான். 'பிரச்னை கல்லீரல்லதானே, தொண்டைக்குள்ள எதுக்கு டியூப் விடணும்?' என்று பல வீடுகளில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இப்போது மருத்துவ உலகமே அதைக் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கத் தொடங்கியிருக்கிறது.

முதலில் காரணம். குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் வெயின் வழியாகக் கல்லீரலுக்குள் போய்த்தான் இதயத்துக்குத் திரும்பும். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் அங்கே டிராஃபிக் ஜாம். ரத்தம் சந்து பொந்துகளில் வழி தேடும். அப்போது உணவுக்குழாயின் உள்பக்கம் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்ளும். இதுதான் வேரிசிஸ். வலி இருக்காது. ஆனால் வெடித்தால் ரத்த வாந்தி. இவ்வளவு சிகிச்சை வசதி இருந்தும், அப்படி ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் 6 வாரங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

அதனால்தான் எல்லாருக்கும் எண்டோஸ்கோபி என்ற வழக்கம். சிக்கல் என்னவென்றால், ஆரம்ப நிலையில் இருக்கும் பலருக்கு உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது.

20-க்குக் கீழே, 1.5 லட்சத்துக்கு மேலே

இத்தாலியின் பவேனோ என்ற ஊரின் பெயரில் நடக்கும் நிபுணர்கள் கூட்டம், 2015-ல் ஒரு விதியைச் சொன்னது. ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரலின் இறுக்கம் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழே, பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேலே. இரண்டும் சேர்ந்து இருந்தால், உடனே சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பெரிய வேரிசிஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடலாம், ஆனால் இரண்டு டெஸ்ட்டையும் வருஷா வருஷம் எடுக்க வேண்டும்.

ஃபைப்ரோஸ்கேனில் ஊசி கிடையாது. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டுவார்கள். அந்த அதிர்வு இறுகிய கல்லீரலில் வேகமாக ஓடும், மிருதுவானதில் மெதுவாகப் போகும். அந்த வேகம்தான் ரிப்போர்ட்டில் எண்ணாக வருகிறது.

சரி, பிளேட்லெட் எங்கே வந்தது? டெங்கு சீசனில் மட்டும் நாம் கவலைப்படும் அதே பிளேட்லெட்தான். போர்ட்டல் அழுத்தம் கூடினால் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் எண்ணிக்கை குறையும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும் இந்தத் தகவலைப் பல பேர் கவனிப்பதே இல்லை.

மாறியது கேள்விதான்

2021-ல் நடந்த ஏழாவது பவேனோ கூட்டம் இன்னொரு படி மேலே போனது. 'வேரிசிஸ் இருக்கிறதா' என்பதைவிட 'அழுத்தம் ஆபத்தான அளவைத் தொட்டுவிட்டதா' என்பதே முக்கியம் என்றது. 15 கிலோபாஸ்கலோ அதற்குக் கீழோ இருந்து, பிளேட்லெட்டும் 1.5 லட்சம் இருந்தால் அந்த அளவு அழுத்தம் இல்லை எனலாம். மது, ஹெபடைடிஸ் பி, சி போன்ற காரணங்களால் வந்த நோயில் 25-ஐத் தொட்டால் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். உடல் பருமனோடு வரும் கொழுப்புக் கல்லீரலில் மட்டும் 25 என்ற எண்ணை அப்படியே நம்ப முடியாது.

அழுத்தம் இருப்பது தெரிந்தால் கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தொடங்கலாம். 2019-ல் வெளியான ஸ்பெயின் ஆய்வில் 201 பேர் பங்கேற்றார்கள். நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் மாத்திரைக் குழுவில் 16 சதவீதம், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 சதவீதம். மாத்திரை ஒத்துக்கொண்டவர்களுக்கு வேரிசிஸைத் தேடும் எண்டோஸ்கோபியே தேவையில்லை என்கிறது பவேனோ. ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்த அழுத்தம் மிகக் குறைவாக இருப்பவர்கள் என மாத்திரை எடுக்க முடியாதவர்களுக்குத்தான் டியூப்.

எங்கே தவறும்?

சாப்பிட்டவுடன் எடுத்தால் எண் பொய்யாக ஏறும். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். மஞ்சள் காமாலை உச்சத்தில் இருக்கும்போதும் அப்படித்தான். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும், ஏற்கெனவே ரத்த வாந்தி எடுத்தவர்களுக்கும் இந்தக் கணக்கே பொருந்தாது.

இந்தியாவுக்கு முக்கியமான ஒன்று: சிரோசிஸ் இல்லாமலேயே போர்ட்டல் அழுத்தம் கூடும் நோய்கள் இங்கே உண்டு. அவர்களுக்குக் கல்லீரல் அவ்வளவாக இறுகியிருக்காது, ஸ்கேன் எண் குறைவாகவே வரும். ஆனால் வேரிசிஸ் பெரிதாக இருக்கும். மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் வந்த ஃபைப்ரோஸ்கேன் எண்ணை மட்டும் கூகுளில் தட்டி நிம்மதி அடைவது இதனால்தான் சரியான யோசனை இல்லை. பிளேட்லெட், மண்ணீரல் அளவு, ஸ்கேன் மூன்றையும் சேர்த்து டாக்டர் பார்க்க வேண்டும்.

தார் போலக் கறுப்பாக மலம் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ எந்த எண்ணையும் பார்க்க வேண்டாம், நேராக எமர்ஜென்சிதான்.