முப்பது படம் போதும்

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் குடும்ப ஆல்பம் ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று நானும் தங்கையும் முடிவெடுத்தபோது அம்மாவுக்கு வயது 77. மூன்று வருடம் தாராளமாகப் போதும் என்று நினைத்தோம். சுங்கைப்பட்டாணி கடைகளில் தடித்த அட்டைப் புத்தகம், வண்ணத் தாள், பூப்போட்ட ஸ்டிக்கர், தங்க நிறப் பேனா என்று வாங்கிக் குவித்தோம். இரண்டு வருடம் போனது. ஒரு பக்கம்கூட முடியவில்லை.

சோம்பல் என்று சொல்ல மாட்டேன். பிஸ்கட் டின்னைத் திறந்ததுமே மலைத்துவிடுவோம். அப்பாவின் பழைய அடையாள அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கல்யாணப் பத்திரிகைகள், தாத்தா ‘ரஜூலா’ கப்பலில் பினாங்கு வந்து இறங்கியபோது வைத்திருந்த கிழிந்த சீட்டு, அதற்கு மேல் எண்ணூறு படங்கள். எதை முதலில் ஒட்டுவது என்று பேசுவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். டின்னை மூடிவிடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை ஒரு படத்தை அம்மாவிடம் நீட்டினாள். லயத்து வாசலில் ஐந்து பெண்கள், பால்மரக் காட்டிலிருந்து திரும்பிய கோலத்தில். நான்கு பெயரை அம்மா சட்டென்று சொன்னார். ஐந்தாவது முகத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “தெரிஞ்ச முகந்தாம்மா. பேருதான் வர மாட்டேங்குது.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த லயம் இப்போது இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. அந்தத் தோட்டத்து ஆட்கள் கூலிம், பட்டர்வொர்த், கோலாலம்பூர் என்று சிதறிவிட்டார்கள். அந்த முகத்தை அறிந்தவர் எங்களுக்குத் தெரிந்து அம்மா ஒருவர்தான். ஆல்பத்துக்கு அவசரமே இல்லை. பெயர்களுக்குத்தான் அவசரம்.

மறுவாரமே வேலையைத் தலைகீழாக மாற்றினோம். அலங்காரச் சாமான்களை அண்ணன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். எண்ணூறு படத்தில் முப்பதை மட்டும் எடுத்தோம். ஞாயிறுதோறும் மூன்றே படம், அரை மணி நேரம். அம்மா பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்தோம். ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, ஏறக்குறைய எந்த வருடம், கூடவே ஒரு வரிச் செய்தி. அவ்வளவுதான். பத்து வாரத்தில் முடிந்துவிட்டது.

கோலா கெடா கோட்டையில் பீரங்கிமேல் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருக்கும் படத்தை வெறும் சுற்றுலாப் படம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். “அன்னைக்குத்தான் உங்கப்பாவுக்கு போனஸ் கிடைச்சது. மீன் வாங்கிச் சாப்பிட்டுட்டு, பஸ்ஸுக்குக் காசு பத்தாம பாதி தூரம் நடந்தோம்” என்றார் அம்மா. இது எந்த ஸ்டிக்கருக்குள் இருந்தது?

சேர்த்து வைப்பது ஒரு தனிக்கலை என்று பயப்பட வேண்டியதில்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனுக்கே பசை தடவி ஒட்டுவது தொல்லையாக இருந்திருக்கிறது. தண்ணீர் தடவினாலே ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப் புத்தகத்துக்கு 1873-ல் காப்புரிமை வாங்கினார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ், துண்டறிக்கை என்று மற்றவர்கள் தூக்கிப் போடுவதையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதிலிருந்து பிறந்ததுதான். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள். செலோடேப் வேண்டாம், நாளாவட்டத்தில் மஞ்சளாகிக் கறை விடும். படத்தின் நான்கு மூலைகளைச் செருகும் காகித மூலைகளே நல்லது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் லேசாக எழுதலாம். பேனா மை ஊறிவிடும். பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழுக்கினால் பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். எழுபதுகளில் வந்த, பிளாஸ்டிக் தாள் மூடிய பசை ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், இருந்த நிலையிலேயே கைப்பேசியில் படமெடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ஆகவே சமையலறை, குளியலறைச் சுவர் ஓரம் வைக்காமல், காற்றோட்டமான அறை அலமாரியில் வையுங்கள். மீதி எழுநூற்றுச் சொச்சம் படங்களை எங்களைப் போல டின்னிலேயே விட்டுவையுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பிறந்தநாளன்று அம்மா மடியில் இருந்தது சாதாரண ஆல்பம்தான். பூ இல்லை, தங்கப் பேனா எழுத்து இல்லை. பேரப்பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். கேக் வெட்ட அரை மணி நேரம் தாமதமானது.

அந்த ஐந்தாவது பெண்ணின் பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் படத்தின் கீழ் அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறோம்: “கடைசி வீட்டுக்காரி. எனக்குக் காய்ச்சல் வந்தா என் நிரையையும் சேர்த்து வெட்டிக் கொடுப்பா.” பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம்.

இந்த ஞாயிறு உங்கள் வீட்டு டின்னிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்து, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். ஆல்பம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.