கண்ணகியின் மௌனமும் நமது பட்டிமன்றங்களும்

மலையகத்தில் எங்கே தமிழ் விழா நடைபெறினும் அங்கே ஒரு பட்டிமன்றம் உண்டு. 'கற்பிற் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா?' என்பதே பெரும்பாலும் அதன் தலைப்பு. நாவலப்பிட்டியில் ஆசிரியத் தொழில் புரியும் நாமும் அம்மேடைகளில் ஏறியிருக்கிறோம்; கைதட்டலும் பெற்றிருக்கிறோம். இன்று அதனை எண்ணி நாணுகிறோம்.

கணவன் பிழை செய்தபோதும் வாய் திறவாதிருந்தாள், ஆதலின் கண்ணகி தெய்வமானாள் என்று அம்மேடைகளில் முழங்குகின்றனர். சிலப்பதிகாரம் இப்படித்தான் சொல்கிறதா?

12 வயதுச் சிறுமியை 16 வயதுக் கோவலனுக்கு மணம் முடிக்கின்றனர். சில ஆண்டுகளில் அவன் மாதவியின் இல்லம் புகுந்து செல்வமனைத்தையும் தொலைக்கிறான். கணவனை மீண்டும் அடையக் காமன் கோட்டத்தை வழிபடுமாறு தோழி தேவந்தி சொல்ல, அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். கெஞ்சிப் பெறும் வாழ்வு அவளுக்கு வேண்டியதில்லை. வறியனாய்த் திரும்பும் கோவலனுக்கு அவள் தருவதோ தன் காற்சிலம்பு. அதனை முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்வதென்று முடிவெடுப்பவன் அவன் மட்டுமே. பொருள் அவளுடையதாயினும், போவதா இருப்பதா என அவளை யாரும் கேட்கவில்லை. பெற்றோருக்கும் சொல்லாமல் விடியுமுன்னே புறப்படுகின்றனர்.

மதுரையில், ஆயர்குல மூதாட்டி மாதரியின் ஆதரவில், கணவனுக்கு உணவு படைத்தபின்தான் கண்ணகியின் மனம் திறக்கிறது. 'வா என்றதும் ஏன் வந்தாய்?' என்னும் பொருள்படக் கோவலன் கேட்கிறான். விருந்தோம்பும் உரிமையையும் தாம் இழந்திருந்ததை அவள் சொல்கிறாள். தம் பொய்ச் சிரிப்பைக் கண்டு மாமன் மாமியர் வருந்தியதைச் சொல்கிறாள். சான்றோர் போற்றாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என்று முகத்துக்கு நேரே கூறுகிறாள். இவளையா வாய் திறவாதவள் என்பது? ஆனால், பேச்சு பிந்திவிட்டது. அதன்பின் சிலம்பொன்றைக் கையிலெடுத்துச் சென்றவன் திரும்பவில்லை.

அரண்மனையிலும் நிலை வேறன்று. ஊடிய தேவியைத் தணிக்க விரையும் பாண்டியன், பொற்கொல்லன் சொல்லை ஆராயாது கொலைக்கு ஆணையிடுகிறான். தேவியின் ஊடலே கேட்டுக்கு மூலம் என்பாரும் உளர். நாம் அதனை ஏற்கோம். ஒருவன் வாய்ச்சொல்லை மறித்துக் கேட்க எவருமில்லாமையே அங்கும் கேடு விளைத்தது. அவ்வாணையை மறித்துக் கேட்டவள் கண்ணகி ஒருத்தியே. அதற்கு அவள் கணவனை இழக்க வேண்டியிருந்தது. அரசவையில் தன் ஊரையும் கணவன் குலத்தையும் சொல்லி, இறுதியில் தன் பெயரையும் சொல்லி நிற்கும் அவள், புகார் விட்டுப் புறப்பட்ட கண்ணகி அல்லள்.

சேக்சுபியரின் மக்பெத் நாடகத்திலோ இது தலைகீழாய் நிகழ்கிறது. முதலில் கணவனைக் கொலைக்கு ஏவுபவள் மனைவி. அரியணை கிட்டியதும் அவன் தன் திட்டங்களை அவளிடம் மறைக்கிறான். அவள் உறக்கத்தில் நடந்து புலம்பி மடிகிறாள். எப்பக்கம் சாயினும், ஒருவர் ஆணையிட மற்றவர் அடங்கும் இல்லறம் இருவரையுமே அழிக்கின்றது.

கண்டியில் பத்தினித் தெய்வத்துக்குத் தேவாலயம் உண்டு; எசல பெரஹராவில் அவளுக்கு ஊர்வலமும் உண்டு. தமிழரும் சிங்களவரும் கைகூப்பும் தெய்வம் அவள். அவ்வூர்வலம் காணச் செல்லும் நமது தோட்டங்களின் கதை யாது? 1984ஆம் ஆண்டிற்றான் தேயிலைத் தோட்டங்களில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணுக்குச் சமமாக்கப்பட்டது. அட்டைக்கடியிலும் மழையிலும் அவள் கொழுந்து பறித்த சம்பளத்தைக் கணவனே பெற்றுச் செல்லும் வழக்கமோ நெடுங்காலம் நிலவியது. அவள் காதிற் கிடந்த தோடு அடகுக்கடைக்குப் போனபோது, கோவலன் கேளாதது போலவே அவனும் அவளைக் கேட்டதில்லை. இந்த வீடுகளிலிருந்து வரும் மாணவியரிடம் 'கண்ணகியின் பொறுமையைப் புகழ்ந்து எழுதுக' என்று நாம் சொன்னால், அது இலக்கியம் கற்பித்தலாகாது. அடங்கிக் கிடக்கப் பழக்குதலாகும்.

ஆசிரிய நண்பர்களே, வினாவை மாற்றுவோம். 'சிலம்பு யாருடையது? அதனை விற்க முடிவெடுத்தவர் யார்?' என்று கேட்போம். விடையை நம் மாணவியர் அறிவர். அதனை உரக்கச் சொல்ல, அவர்களும் அனைத்தையும் இழக்கும்வரை காத்திருக்கலாகாது.