துவைக்கும் தூளும் உயிர்காக்கும் குளிசையும் ஒன்றாகுமா?

சந்தைக்குச் சென்று மீளும் கமக்காரர் ஒருவர் வழியிலே இரண்டு கடைகளில் நிற்கின்றார். ஒரு கடையிலே சலவைத் தூள் வாங்குகின்றார். மறு கடையிலே நோயுற்ற மனைவிக்குக் குளிசை வாங்குகின்றார். இரண்டும் இரசாயனப் பண்டங்களே. இரண்டுக்கும் பின்னால் ஆய்வுகூடங்கள் உள்ளன. அவ்வாய்வுகூடங்களின் கண்டுபிடிப்புக்களுக்குக் காவல் நிற்கும் ஆக்கவுரிமைகளும் உள்ளன. சட்டம் இவ்விரு பண்டங்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றது. அவை உண்மையில் ஒன்றாகுமா என்பதே நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி.

இது சட்டத்தரணிகள் மட்டும் அறியவேண்டிய விடயம் என்று எம்மவருட் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். அது பெருந்தவறு. மருந்தின் விலையை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்ல சட்டம் ஒவ்வோர் ஏழையின் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும் சட்டமாகும். அதனை அறியாதிருப்போர் அதன் சுமையை மட்டும் அறிவர்.

கொடுக்கல் வாங்கலே உரிமை

ஆக்கவுரிமை என்பது யாது? ஆங்கிலேயர் 'பேற்றன்ற்' என வழங்கும் இவ்வுரிமை பிறப்புரிமையன்று. கண்டுபிடித்தவருக்கும் பொதுமக்களுக்கும் இடையே நிகழும் கொடுக்கல் வாங்கலே அது. கண்டுபிடித்தவர் தாம் கண்டதை ஒளியாது எழுத்தில் வைக்கவேண்டும். அதற்கு ஈடாகக் குறித்த காலத்துக்கு வேறெவரும் அவருடைய இசைவின்றி அதனைச் செய்யாதவாறு அரசு தடுக்கும். காலம் முடிந்ததும் அக்கண்டுபிடிப்பு அனைவருக்கும் பொதுச் சொத்தாகிவிடும். உலக வர்த்தக நிறுவனத்தின் உடன்படிக்கையின்படி இன்று அக்காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளாகும்.

சலவைப் பொருட்களில் இக்கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் செவ்வனே நடந்தது என்றே கூறவேண்டும். ஜெர்மனியில் ஒற்றோ றோம் என்னும் இரசாயனவியலாளர், விலங்கின் கணையத்தில் உள்ள நொதியங்களைக் கொண்டு துணியின் அழுக்கை நீக்கும் முறைக்கு 1913இல் ஆக்கவுரிமை பெற்றார். அமெரிக்காவிலே 1946இல் 'டைட்' என்னும் தூள் சந்தைக்கு வந்தது. செயற்கைச் சலவைப் பொருளோடு பொசுபேற்று உப்பைச் சேர்த்துச் செய்த அக்கலவைக்கும் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. அவ்வுரிமைகள் யாவும் என்றோ காலாவதியாகிவிட்டன. இன்று நொதியம் சேர்த்த சலவைத் தூளைச் சிறு உற்பத்தியாளரும் செய்கின்றனர். கண்டவர் இலாபம் பெற்றார். உலகம் அறிவு பெற்றது. இதிற் குறைகூற எதுவுமில்லை.

உரிமை நிலைத்திருந்த காலத்திலும் அதனால் எவரும் உயிர் துறக்கவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். புதிய தூள் விலை கூடியதாயின் பழைய பார்ச் சவர்க்காரம் உண்டு. அதுவும் இல்லையாயின்? 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திலே யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. எம் தாய்மார் பனம்பழத்தைப் பிசைந்து அக்களியாலே துணி துவைத்தனர். மானத்தோடு வாழ்ந்தனர். அதே காலத்தில் மருந்துகளும் தட்டுப்பட்டன. இன்சுலின் இல்லாது வாடிய நீரிழிவு நோயாளருக்கு எந்தப் பனம்பழத்தைப் பிசைந்து கொடுப்பது?

இங்கேதான் வேறுபாடு இருக்கின்றது. சலவைத் தூளை வாங்குபவர் வேண்டாமென்று திரும்பிச் செல்லலாம். மருந்தை வாங்குபவர் திரும்பிச் செல்ல இயலாது. விலை கூறுபவர் ஒருவர். மறுக்க இயலாதவர் மற்றவர். இத்தகைய பேரத்தைச் சந்தை என்று அழைப்பது தகுமா?

வழியும் ஊரும்

இவ்வுண்மையை முன்னேறிய நாடுகள் அறியாதிருக்கவில்லை. ஓர் இரசாயனப் பொருளைச் செய்யும் முறைக்கு உரிமை வழங்குவது ஒன்று. அப்பொருளுக்கே உரிமை வழங்குவது வேறொன்று. ஊருக்கு வழியொன்றை வெட்டியவர் அவ்வழியிலே சுங்கம் கேட்கலாம். ஊரே தமதென்று கூறி, வேறு வழியால் வருவோரையும் மறிக்கலாமா? செய்முறைக்கு மட்டும் உரிமை உண்டெனின், வேறொரு செய்முறையைக் கண்டவர் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்கலாம். பொருளுக்கே உரிமை உண்டெனின் எம்முறையாலும் எவரும் செய்தல் ஆகாது.

ஜெர்மனி 1877ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி 1968 வரை இரசாயனப் பொருட்களின் செய்முறைக்கே உரிமை வழங்கிற்று, பொருளுக்கு வழங்கவில்லை. அக்காலத்திலேதான் அந்நாடு சாயத் தொழிலிலும் மருந்துத் தொழிலிலும் உலகின் முன்னணிக்கு வந்தது. யப்பான் 1976 வரையும், சுவிற்சர்லாந்து 1977 வரையும், இத்தாலி 1978 வரையும் மருந்துப் பொருளுக்கு ஆக்கவுரிமை வழங்கவில்லை. பிறர் கண்ட மருந்தை வேறு வழியிற் செய்து பழகியே தம் தொழிலை வளர்த்தன. வளர்ந்த பின்னரோ, பொருளுக்கே உரிமை வேண்டுமென்று உலகம் முழுவதற்கும் சட்டம் வகுக்கும் அணியில் நின்றன. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி என்னும் முதுமொழி இத்தகையோரைக் கண்டே பிறந்தது போலும்!

ஐயங்கார் காட்டிய நெறி

அயலில் உள்ள இந்தியா இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்து செயலாற்றியது. சுதந்திரத்தின் பின்னரும் அங்கே 1911ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டமே நிலவியது. மருந்து விலையோ வானளாவ நின்றது. நீதியரசர் என். இராஜகோபால ஐயங்கார் இதனை ஆராய்ந்து 1959இல் அளித்த அறிக்கை, உணவுக்கும் மருந்துக்கும் செய்முறை உரிமை மட்டுமே தகும் என்றது. அதன் வழியிற் பிறந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துச் செய்முறையின் உரிமைக் காலத்தையும் அது ஏழு ஆண்டுகளுக்கு மேற்படாதவாறு குறுக்கியது.

விளைவு யாது? இந்திய இரசாயனவியலாளர் புதுவழிகளைத் தேடினர், மருந்துகள் மலிந்தன. எயிட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்து ஓராண்டுக்கு ஒருவருக்கு 10,000 டொலருக்கு மேல் விலைபோன காலத்தில், 2001ஆம் ஆண்டில் சிப்லா என்னும் இந்திய நிறுவனம் அதனை 350 டொலருக்குத் தர முன்வந்தது. ஆபிரிக்க மக்கள் எத்தனையோ பேர் பிழைப்பதற்கு அம்மலிவு வழி திறந்தது. எமது ஆஸ்பத்திரிகளுக்கு வரும் மருந்துகளிற் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே வருகின்றது என்பதனால், ஐயங்காரின் நெறியின் பயனை நாமும் உண்டு வந்திருக்கின்றோம்.

இந்த நிலை என்றும் நிற்பதன்று. 1995இல் உலக வர்த்தக நிறுவனம் தோன்றியது. அதன் உடன்படிக்கைக்கு அமைய இந்தியா 2005இல் மருந்துப் பொருளுக்கே மீண்டும் ஆக்கவுரிமை வழங்கத் தலைப்பட்டது. பழைய மருந்துகள் மலிவாகவே இருக்கும். இனிவரும் புதிய மருந்துகளுக்கு அந்த வாயில் ஒடுங்கிவிட்டது.

ஒடுங்கியதேயன்றி அடைபடவில்லை. அவசியம் நேரின், உரிமையாளர் இசையாவிடினும் அவருக்குத் தக்க கொடுப்பனவு வழங்கி, பிறரைக் கொண்டு மருந்தைச் செய்விக்க அரசுகளுக்கு அதிகாரம் உண்டு. இதனைக் கட்டாய அனுமதி என்பர். 2001 நவம்பரில் டோகா நகரிற் கூடிய வர்த்தக அமைச்சர்கள் அவ்வதிகாரத்தை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தனர். இந்தியா 2012இல் ஈரற் புற்றுநோய்க்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் வழங்கப்படும் ஒரு மருந்து தொடர்பில் இதனைப் பயன்படுத்தியது. மாதமொன்றுக்குச் சுமார் 2,80,000 இந்திய ரூபாவாக இருந்த விலை 8,880 ரூபாவாக இறங்கியது. பழைய மருந்தின் உருவைச் சற்றே மாற்றிப் புதிய உரிமை கோருவதையும் அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2013இல் நிராகரித்தது.

எமது வீட்டிற் பிறந்த வழிகாட்டி

நாம் இவ்விடயத்தில் எவரிடமும் பாடம் கேட்கவேண்டியவர்களல்லர். பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. தனியார் துறையில் ஏறத்தாழ 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகள் 600 அளவுக்குச் சுருக்கப்பட்டன. வணிகப் பெயரால் அன்றி மருந்தின் பொதுப் பெயரால், உலகெங்கும் விலை கேட்டு மொத்தமாக வாங்கும் முறை வந்தது. விலைகள் இறங்கின. பிபிலே 1977இற் காலமானார். அவர் சென்ற வழியின் சிறப்பை அயல்நாடுகள் உணர்ந்தன. நாமோ அதிற் பாதியைக் கைவிட்டோம்.

பரசிற்றமோல் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட பொருள். அதற்கு இன்று எவரும் உரிமை கோர முடியாது. அவ்வாறிருந்தும் ஒரு வணிகப் பெயரே மருந்தின் பெயராய் எம் நாவிலே நிலைத்துவிட்டது. ஆக்கவுரிமை சாகும், பெயர் சாவதில்லை. அப்பெயருக்காக நாம் இன்றும் பணம் கொடுக்கின்றோம்.

எமது கோரிக்கை

ஆய்வுக்குச் செலவாகும், உரிமை இல்லையேல் புது மருந்து எவ்வாறு தோன்றும் என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. உழைத்தவருக்குக் கூலி வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆயினும் இன்சுலினைக் கண்டவர்கள் 1923இல் தம் உரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்கு ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது. கூலி வேறு; கொள்ளை வேறு.

ஆதலின் நாம் கேட்பவை இவை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் பொதுநலன் கருதி ஆக்கவுரிமைக்கு எல்லை வகுக்க இடமுண்டு. அவ்வதிகாரத்தை எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் அரசு விட்டுக்கொடுக்கலாகாது. வைத்தியர்கள் பொதுப் பெயரால் மருந்தெழுத வேண்டும். மலிவு என்பதற்காகத் தரமற்றதை மக்களின் நரம்பில் ஏற்றுவது மலிவன்று, கொலை. 2023இல் எழுந்த தரமற்ற மருந்து விவகாரத்தின் பின்னர் இதனை விளக்கவேண்டியதில்லை. ஆகவே தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பரிசோதனை எவருக்கும் வளையாததாய் இருத்தல் வேண்டும். மலிவும் தரமும் ஒருங்கே இருந்தாலன்றிப் பொதுப் பெயரை மக்கள் நம்பமாட்டார்கள்.

எம் வாசகருட் கற்றோர் இச்சட்டத்தைப் படித்து ஊரவருக்கு எடுத்துரைக்க வேண்டும். கமக்காரர் மருந்துக் கடையிலே மருந்தின் பொதுப் பெயரைக் கேட்டு வாங்கவேண்டும். 2022இல் ஆஸ்பத்திரிகளின் மருந்து அலுமாரிகள் வெறுமையாகிக் கிடந்ததைக் கண்டோம். அன்று சலவைத் தூளின் விலையைப் பற்றியும் முறையிட்டோம். ஆனால் மருந்தை எண்ணியே அழுதோம். அந்த வேறுபாட்டை மக்கள் அறிவர். சட்டமும் அதனை அறியும்படி செய்தல் எம் கடன்.