தைலத்தின் புகழும் தடவும் கையும்

'வெதுவெதுப்பான ஆயுர்வேத மூலிகைத் தைலம்' என்ற தொடரை எழுதும்போதே நம் கட்டுரையாளர்களுக்குக் குரல் தழுதழுத்துவிடுகிறது. மூட்டுவலி பற்றிய கட்டுரை என்றால் முதல் பத்தியில் ஐயாயிரம் ஆண்டுப் பழைமை, இரண்டாம் பத்தியில் ஒரு பாட்டி, மூன்றாம் பத்தியில் ஒரு மலை. மலை பெரும்பாலும் கொல்லிமலையாக இருக்கும். திருப்பத்தூருக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் ஜவ்வாது மலைக்கும் அந்த யோகம் அவ்வப்போது அடிப்பதுண்டு. மூலிகைக் காற்று, தேன், சந்தன மணம், நோயறியாத மாந்தர் என்று சித்திரம் ஒரே வார்ப்பில் வந்து விழும். கடைசிப் பத்தியில் தைலம் வந்துவிடும். விறைத்த மூட்டுகள் இளகி, கட்டுரையும் நிறைவுறும்.

நாம் எண்ணெய்க்கு எதிரிகள் அல்லர். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி முழங்காலில் நிதானமாகத் தேய்த்துவிட்டால் இதமாக இருக்கும் என்பதை அறிய எவருக்கும் ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நாம் மறுப்பது வேறொன்றை. அந்த இதத்தின் பெருமை முழுவதையும் புட்டியின்மேல் அச்சிட்ட செடிப் பெயர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, எண்ணெயைக் காய்ச்சிய கையையும் தேய்த்த கையையும் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிற எழுத்தை மறுக்கிறோம். இந்தக் கணக்குப் பிழையால் முடங்கிப்போகிற விரல்கள் உண்மையானவை. ஆகவே இதை நடை பற்றிய சச்சரவாக மட்டும் கொள்ள இயலாது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எள்ளின் நெய் எண்ணெய். வடமொழியில் திலம் என்றால் எள். அதிலிருந்து பிறந்தது தைலம். சித்தமா ஆயுர்வேதமா என்று மேடையில் மோதிக்கொள்கிறவர்கள் இருவரும் ஒரே செக்கடியில்தான் நிற்கிறார்கள் என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லலாம். ஆயுர்வேத முறைப்படி தைலம் காய்ச்ச அரைத்த கல்கம் 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, கஷாயம், சாறு, பால் போன்ற நீர்ப்பொருள் 16 பங்கு. நீர் முழுவதும் வற்றும்வரை சிறுதீயில் வைத்துக் கிண்டவேண்டும். கை ஓய்ந்தால் கல்கம் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்தால் அத்தனையும் பாழ். கல்கத்தை விரலிடையில் உருட்டினால் திரியாகத் திரளவேண்டும். அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சடசடக்காமல் எரியவேண்டும். சடசடத்தால் ஈரம் மிச்சம் என்று பொருள். மீண்டும் அடுப்பு, மீண்டும் கிண்டல். சித்த மருத்துவர்கள் மெழுகு பதம், மணற்பதம் என்று இந்த நிலைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பொழுது முழுவதும் புகைக்குள் நின்று, காதாலும் விரலாலும் பதம் பார்க்கிற இந்த வேலை ஒரு தேர்ந்த கைவினை. நம் கட்டுரைகளிலோ இதற்கு அரை வரி: 'பல அரிய மூலிகைகளைக் கொண்டு தயாரிக்கப்பட்டது.' செயப்பாட்டு வினை எத்தனை வசதியானது!

அடுத்து தேய்க்கும் கை. சித்த மருத்துவம் கூறும் 32 புறமருந்துகளில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது 9 வகைப்படும். எண்ணெய் இட்டும் செய்வார்கள், இடாமலும் செய்வார்கள். வாசகர்கள் இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பார்க்கவேண்டும். ஒன்பதும் தொழிற்பெயர்கள். ஒன்றில்கூட ஒரு செடியின் பெயர் இல்லை. கைக்கு இத்தனை நுட்பமாக இலக்கணம் வகுத்த ஒரு மரபைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள், அந்தக் கையையே மறந்து புட்டியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். இதைவிட மரபை அவமதிக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஆய்வுகளும் ஏறத்தாழ அந்தப் பட்டியலின் பக்கமே சாய்கின்றன. அமெரிக்காவில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 222 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வாரம் ஒரு மணிநேரம் உடல் பிடித்துவிட்டார்கள். இன்னொரு பிரிவினர்மீது கையை வெறுமனே வைத்து எடுத்தார்கள். மூன்றாம் பிரிவினர் வழக்கமான மருத்துவத்தையே தொடர்ந்தார்கள். 8 வாரங்களின் முடிவில் பிடித்துவிடப்பட்டவர்களுக்கே வலியும் விறைப்பும் தெளிவாகக் குறைந்திருந்தன. ஓராண்டு முடிவில் பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை. மூலிகை அதில் ஆய்வுப்பொருளே அன்று. அழுத்துகிற கைக்குப் பலன் உண்டு, அந்தப் பலனுக்கு எல்லையும் உண்டு. இரானில் நடந்த இன்னொரு சிறிய ஆய்வு, மூலிகை எதுவும் சேராத நல்லெண்ணெயை டைக்ளோபினாக் களிம்புக்கு எதிரே நிறுத்திப் பார்த்தது. எண்ணெய் பின்தங்கவில்லை. அப்படியானால் புட்டியில் அச்சிட்ட முப்பது பெயர்களின் பங்கு என்ன? அதே கை, அதே சூடு, அதே நேரம். ஒரு காலில் தைலம், மறு காலில் வெறும் நல்லெண்ணெய். இந்த எளிய சோதனையைக் கேட்கிறவனை மரபின் பகைவன் என்று ஏன் பழிக்கவேண்டும்?

சோதனை கேட்பதே மேற்கத்திய ஆணவம் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. இந்தப் பதிலைச் சொல்பவர்கள் கோயம்புத்தூரை அறியாதவர்கள். முடக்குவாதத்துக்கு ஆயுர்வேத மருந்தையும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையையும் இரட்டை மறைப்பு முறையில் ஒப்பிட்ட சிறிய ஆய்வு ஒன்று அங்கேதான், ஆயுர்வேத நிறுவனம் ஒன்றின் ஒத்துழைப்போடு, 43 நோயாளிகளிடம் நடந்தது, 2011இல் வெளியானது. மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். உள்ளுக்குக் கொடுத்த மருந்து பற்றிய முன்னோட்ட ஆய்வு அது; அதைக் கொண்டு தைலத்துக்குச் சான்றிதழ் எழுதவும் முடியாது, ஆயுர்வேதத்துக்கு முடிசூட்டவும் முடியாது. ஆனால் தேர்ந்த ஆயுர்வேதிகள் தராசில் ஏற அஞ்சவில்லை என்பது அதிலிருந்து தெரிகிறது. அஞ்சுவது அவர்கள் பெயரால் எழுதுகிற நம்மவர்கள்.

நவீன மருத்துவத்தின் பக்கம் நிற்கும் சிலரும் இவ்விஷயத்தில் அலட்சியமாகப் பேசுகிறார்கள். தோல் எதையும் உள்ளே விடாது, ஆகவே தைலம் எல்லாம் பித்தலாட்டம் என்கிறார்கள். டைக்ளோபினாக் களிம்பு தோல் வழியாகத்தான் போகிறது. முழங்கால் தேய்மானத்துக்கு அதையே பரிந்துரைக்கவும் செய்கிறார்கள். கற்பூரமும் புதினா உப்பும் தோலின் நரம்புமுனைகளைத் தூண்டி வலியுணர்வை மட்டுப்படுத்துகின்றன. சூடு தசையிறுக்கத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்தபின் காலை மடக்கி நீட்ட முடிகிறது. மடக்கி நீட்டுவதுதான் மெய்யான மருந்து. பிரிட்டனில் 2022இல் வெளியான மூட்டுத் தேய்மான வழிகாட்டி உடற்பயிற்சியையே முதலில் வைக்கிறது. கையால் செய்யும் சிகிச்சையைப் பயிற்சியோடு சேர்த்தே செய்யச் சொல்கிறது. தொக்கணப் பட்டியலின் ஒன்பதாவது சொல் அசைத்தல் என்பதை அந்த வழிகாட்டியை எழுதியவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இனி, அந்தக் கை யாருடையது என்று கேட்போம். தமிழகச் சிற்றூர்களில் கட்டி கீறியவர்களும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டவர்களும் நாவிதர் சமூகத்தினர். அச்சமூகப் பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். மருத்துவர் என்பது இன்றும் அவர்களது சாதிப் பெயர். ஆனால் சுவடி வைத்திருந்தவர் வைத்தியர் ஆனார். உடம்பைத் தொட்டவர் ஊருக்குக் 'குடிமகன்' ஆனார், தானியக் கூலிக்கு வாசலில் நின்றார். தொடுவதே இழிவு என்று கருதிய சமூகம் தொட்டதால் கிடைத்த பலனை மட்டும் மூலிகையின் பெயரில் வரவு வைத்துக்கொண்டது. வீட்டுக்குள் அந்தக் கை மருமகளுடையது, மகளுடையது, மனைவியுடையது. மாமனாரின் காலுக்கு இரவில் அரைமணிநேரம் எண்ணெய் தேய்க்கிற பெண்ணின் சொந்த மணிக்கட்டு வலியைப் பற்றி எழுதப்பட்ட பாட்டி வைத்தியக் கட்டுரை ஒன்றையும் நாம் கண்டதில்லை. 'ஆயுர்வேத மூலிகை' என்ற அடைமொழி செய்கிற முதன்மையான வேலை இந்தக் கைகளைத் துடைத்துவிடுவதுதான்.

மலைக்கு வருவோம். ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பகுதியில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று நாடுகள். அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். தமிழ் பேசுகிறவர்கள், கேரளத்தோடு அவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. பெயரை மட்டும் பார்த்து, 'மலையாளிகளின் மசாஜ் மரபு' என்று யாரேனும் எழுதிவிடுவார்களோ என்ற அச்சம் எமக்கு உண்டு. சாமை விளைவிக்கும் சரிவுகளில் குனிந்து களையெடுப்பது, குந்தியிருந்து அறுப்பது, விறகும் புளியும் சுமந்து மேடேறுவது, தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது என்று போகும் வாழ்க்கை. பல்லாண்டு குந்தி உழைப்பதும் சுமை தூக்குவதும் முழங்கால் தேய்மானத்தை வளர்க்கும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. இந்த மக்களைத்தான் 'மூலிகை சூழ வாழ்வதால் மூட்டுவலி அறியாதவர்கள்' என்று நம் கட்டுரைகள் போற்றுகின்றன. அவர்களுக்கு மூட்டு இருப்பதே எழுதுகிறவர் கண்ணில் படவில்லை.

இது புதிதன்று. இந்த மலையைச் சமவெளி எப்போதும் ஒரு கிடங்காகவே பார்த்தது. சந்தனம் இறங்கித் திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்குப் போனது. கடுக்காய் இறங்கித் தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் போனது. வாணியம்பாடியும் ஆம்பூரும் தோலால் பேர்பெற்ற ஊர்கள். இப்போது இறங்குவது மூலிகை என்ற கதையாடல். சரக்கு இறங்கிய வழியில் மருத்துவர் ஏறினாரா என்று கேட்பாரில்லை. ஏறியவர்கள் உண்டு. 1921இல் சேசுதாசன், பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிச் சுற்றுவட்டார ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். நோயாளியைப் பார்ப்பதற்கு அவர்களுக்கு ஐயாயிரம் ஆண்டுப் பழைமை தேவைப்படவில்லை.

இத்தனையும் ஏன் ஆத்திரத்தோடு எழுதவேண்டியிருக்கிறது? தேய்மானம் ஒரு நோய்; முடக்குவாதம் வேறு நோய். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் வீங்கி, ஒரு மணிநேரத்துக்கு மேலாக விறைத்துக் கிடந்தால், அது பல வாரங்கள் தொடர்ந்தால், எண்ணெயின் எல்லை அங்கே முடிந்துவிட்டது. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தின்னத் தொடங்கியிருக்கிறது. எலும்பு அரிப்பு முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே நேர்ந்துவிடலாம். அரித்தது திரும்ப வளராது. அந்த ஆண்டுகளில் தக்க மருந்து தொடங்கினால் கை கையாகவே இருக்கும். அந்த ஆண்டுகளைத்தான் 'பக்கவிளைவு இல்லாத இயற்கை மருத்துவம்' என்ற வாசகம் விழுங்குகிறது. எண்ணெய் தேய்த்த அன்று இதமாக இருப்பதால் ஏமாற்றம் இன்னும் பெரிது. சிவந்து சூடேறிக் காய்ச்சலோடு வீங்கிய மூட்டில் சீழ் இருக்கலாம், தேய்க்கக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைச்சதை வலித்தால் இரத்தக்கட்டி இருக்கலாம், பிடித்துவிடவே கூடாது. நீரிழிவால் மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. வெதுவெதுப்பு என்று ஊற்றுகிற எண்ணெய் கொப்புளமாகும். ஜவ்வாது மலையின் குக்கிராமத்திலிருந்து திருப்பத்தூர் அரசு மருத்துவமனைக்கு இறங்குவதே ஒருநாள் கூலியைத் தின்றுவிடும். அங்கிருந்து மூட்டுநோய்த் துறை உள்ள வேலூர் சி.எம்.சி. ஏறத்தாழ 85 கிலோமீட்டர். இப்படிப்பட்ட இடத்தில் 'எண்ணெய் போதும்' என்று எழுதுவதற்கும், 'நீங்கள் இறங்கி வரவேண்டாம்' என்று எழுதுவதற்கும் வேறுபாடு என்ன?

சட்டம் இருக்கிறது. 1954இல் இயற்றப்பட்ட ஆட்சேபத்துக்குரிய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் வாதநோயும் ஒன்று. அதைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது. பழைய நூல்களில் உள்ள செய்முறைப்படி காய்ச்சிய தைலத்துக்கு உரிமம் பெறவோ, தனியே பலனை மெய்ப்பிக்கும் ஆய்வு வேண்டியதில்லை. ஆக, விளம்பரதாரர் சொல்லத் தயங்குவதை இலக்கியக் கட்டுரையாளர் எந்தத் தயக்கமும் இன்றி, ஊதியமும் இன்றி, சொல்லிக்கொடுக்கிறார். கவித்துவமாகச் சொன்னால் சட்டம் தீண்டாது போலும்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று, திருப்பத்தூருக்கு அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மாத்திரை வருவதுதான் அதில் பரவலாகப் பேசப்படுகிறது. வீட்டுக்கு வரவேண்டிய பணிகளில் இயன்முறை மருத்துவமும் உண்டு என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் அறிந்த, படித்த, மாதச் சம்பளம் பெறுகிற ஒரு கையை அரசு மலைமேல் அனுப்பக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கை தன்னோடு நல்லெண்ணெய் கொண்டுவந்தாலும் எமக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்து ஜவ்வாது மலை பற்றி எழுதப் புறப்படுகிறவர், புதூர்நாட்டில் பேருந்தை விட்டு இறங்கியதும் மூலிகைக் கிழவர் எங்கே என்று விசாரிப்பதற்கு முன்னால், இந்த ஊருக்கு இயன்முறை மருத்துவர் கடைசியாக எந்த மாதம் வந்தார் என்று கேட்டு எழுதட்டும். விடை எதுவானாலும் வெளியிட நாம் தயார்.